கருணையும் கணக்கும்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைத் தமிழர் மறப்பதில்லை. மயில் அகவியதைக் குளிரால் நடுங்கும் குரல் என்று கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தான் அவ்வள்ளல். மயிலுக்குப் போர்வையால் பயன் உண்டா என்று அவன் ஆராயவில்லை. அதனாலேயே அவன் செயலைக் கொடைமடம் என்று கூறி நம் முன்னோர் போற்றினர். உள்ளத்தின் உயர்வுக்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆயினும், நெருக்கம் மிகுந்த நகரங்களில் வாழும் நமக்கு உள்ளத்தின் உயர்வு மட்டும் போதுவதில்லை. எந்த உயிருக்கு எது தேவை, எவ்வளவு தேவை, எத்தனை முறை தேவை என்று எண்ணிச் செய்யும் கருணையே இன்று வேண்டப்படுவது. அத்தகைய கருணையைத் தொழிலாகக் கொண்ட நிலையம் ஒன்று நாம் கல்வி பயிலும் இந்த ஜெய்ப்பூர் நகரிலேயே இருக்கின்றது. அதன் பணியை, சிறப்பாகத் தெரு நாய்கள் தொடர்பான பணியை, விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்திலிருந்து புதிதாக வரும் மாணவர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே தேநீர்க் கடைகளின் அருகே படுத்திருக்கும் நாய்களுக்குக் காதில் ஏன் ஒரு வெட்டு? யாரோ கல் நெஞ்சர் அறுத்துவிட்டனர் போலும் என்று வருந்துவோரும் உளர். அவர்கள் வருந்த வேண்டுவதில்லை. அந்நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை செய்யப்பட்டது, வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடப்பட்டது என்னும் மூன்று செய்திகளைத் தொலைவிலிருந்தே கூறும் முத்திரை அது. அம்முத்திரை ஏன் இடப்படுகிறது, நாயைப் பிடித்த இடத்திலேயே ஏன் விடுகின்றனர் என்னும் இரண்டையும் அறிந்து கொண்டால், இப்பணி முழுவதையும் அறிந்தவர் ஆவோம்.

நிலையத்தின் வரலாறு

நகரின் தென்பகுதியில் துர்காபுரா என்னும் இடத்தில் அமைந்துள்ளது 'ஹெல்ப் இன் சஃபரிங்' என்னும் அறநிலையம். 'துன்பத்தில் துணை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியார் 1980-ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தார். அப்பொழுது அவர் எழுபது வயதைக் கடந்தவர். பலரும் ஓய்வை நாடும் பருவத்தில் புதியதொரு பணியைத் தொடங்கிய அவர், அதனோடு நில்லாமல் 1991-இல் பெங்களூரிலும் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றக் காரணமாக இருந்தார். 1990-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்டின் டவுன்எண்ட் அம்மையார் ஜெய்ப்பூர் நிலையத்தின் பொறுப்பை ஏற்று அதனை விரிவாக்கினார். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் அளிக்கும் திட்டம் 1994-ஆம் ஆண்டின் இறுதியில் முறையாகத் தொடங்கியது.

இவ்வகைப் பணிக்கு நம் சென்னையும் முன்னோடி என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தோற்றுவித்த புளூ கிராஸ் சங்கம், நாய்களைப் பிடித்துக் கொல்வதே நகராட்சிகளின் வழக்கமாக இருந்த காலத்தில், 1960-களிலேயே கருத்தடை முறையைக் கைக்கொண்டது. கொல்லுவதால் நாய்கள் குறையவில்லை என்று அச்சங்கத்தார் பல்லாண்டுகள் எடுத்துரைத்தனர். 1996-ஆம் ஆண்டில்தான் சென்னை மாநகராட்சி அம்முறைக்கு மாறியது. ஒரு கருத்து மெய்யாக இருப்பது வேறு. அஃது ஏற்றுக்கொள்ளப்படுவது வேறு. இரண்டுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன.

நோயின் இயல்பு

நாய்களைப் பற்றிய பேச்சில் முதலிடம் பெற வேண்டியது வெறிநோய். இது நச்சுயிர் ஒன்றால் விளைவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் அந்நச்சுயிர் இருக்கும். கடித்த புண்ணின் வழியே உடலுள் புகுந்து, தசையில் தங்கிப் பெருகி, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கிச் சிறிது சிறிதாக நகரும். குருதியில் பரவும் நோய்களைப் போல விரைந்து செல்வதில்லை. ஆதலால், கடிபட்ட நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில திங்கள்கள் வரை இடைவெளி உண்டு. இவ்விடைவெளியே மனிதனுக்குக் கிடைத்த பெரும்பேறு. அதற்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். குறிகள் தோன்றிவிட்டாலோ இறப்பு ஏறத்தாழ உறுதி. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் அந்நிலையிலிருந்து மீண்டவர் உலக மருத்துவ வரலாற்றிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

1885-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை முதன்முதலாக அளித்துக் காத்தார். இந்தியாவில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நம் நீலகிரிக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் அமைந்தன. ஆகவே, நோயின் மருந்தை அறிந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஆயினும், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் எடுத்தாளும் மதிப்பீடு. இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை இறப்பதாக நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் வீடு வீடாகச் சென்று கேட்டு 2025-இல் வெளியிட்ட ஆய்வு, அத்தொகையை ஏறத்தாழ 5,700 என்று மதிப்பிட்டுள்ளது. எண் குறைந்திருப்பது மகிழ்ச்சியே. ஆயினும், முற்றிலும் தடுக்கத்தக்க நோய் ஒன்றால் நாள்தோறும் பதினைந்து பேர் இறப்பது சிறு செய்தி ஆகுமா? கடிபடுவோருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயது நிரம்பாத சிறார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மனிதர்க்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்க்கடியால் வருவது. ஆதலின் நோயை ஒழிக்க நாயை ஒழித்தால் என்ன என்ற எண்ணம் எவர்க்கும் எழும். பல நகரங்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்து பார்த்ததும் அதுவே. அது ஏன் பயன் தரவில்லை என்பதைச் சிறு கணக்கால் விளக்குகிறேன்.

எழுபது என்னும் எண்

ஒரு வெறிநாய் தான் இறப்பதற்குள் சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைத் தருகிறது? பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள், இவ்வெண் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது என்று கண்டுள்ளனர். தட்டம்மைக்கு இவ்வெண் பன்னிரண்டுக்குக் குறையாது என்பர். அதனோடு ஒப்பிட, நாய்களிடையே வெறிநோய் மெல்லவே பரவுகிறது. நம் கணக்குக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். அதாவது, பத்து வெறிநாய்கள் பதினைந்து நாய்களுக்கு நோயைத் தரும். அப்பதினைந்தில் ஐந்து நாய்கள் முன்பே தடுப்பூசி பெற்றவையாக இருந்தால், பத்துக்குப் பத்துதான் நோயுறும், நோய் வளராது. ஐந்துக்கு மேற்பட்டவை காப்புப் பெற்றிருந்தால் நோய் தேய்ந்து மறையும். ஆக, மூன்றில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 33-க்குச் சற்று மேற்பட்ட நாய்களுக்குக் காப்பு இருந்தால் போதும் என்றாகிறது.

அவ்வாறாயின், நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட வேண்டும் என்று அறிஞர்கள் வலியுறுத்துவது எதனால்? தெரு நாயின் வாழ்நாள் குறுகியது என்பதே விடை. வண்டியில் அடிபட்டும், நோயுற்றும், பட்டினியாலும் அவை விரைவில் இறக்கின்றன. அவற்றின் இடத்தைப் புதிய குட்டிகள் நிரப்புகின்றன. புதிய குட்டிக்குக் காப்பு இல்லை. விளக்கத்துக்காக, ஒரு பகுதியில் 100 நாய்கள் உள்ளன என்றும், ஆண்டுக்கு 40 இறந்து 40 புதியன தோன்றுகின்றன என்றும் கொள்வோம். இன்று 70 நாய்களுக்கு ஊசி போட்டால், ஓராண்டு கழித்துக் காப்புடையவை 42. அஃது 33-க்கு மேற்பட்டது, அரண் நிற்கும். இன்று 50 நாய்களுக்கே ஊசி போட்டோம் என்றால், ஓராண்டு கழித்து எஞ்சுவன 30. அரண் இடிந்துவிடும். எழுபது என்னும் எண், ஓராண்டுத் தேய்மானத்துக்கும் சேர்த்துக் கட்டிய சுவரின் உயரம்.

இனிக் கொல்லும் முறையைப் பார்ப்போம். அதே நூறு நாய்களில், ஊசி போட்ட 70 இருக்கும்பொழுது, 30 நாய்களைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டவற்றுள் 21 ஊசி பெற்றவையாக இருக்கும். தெருவில் குப்பையும் எச்சிற் சோறும் முன்போலவே கிடக்கின்றன. ஆதலால், அயல் தெரு நாய்கள் வந்து குடியேறும். எஞ்சிய நாய்களின் குட்டிகளும் மிகுதியாகப் பிழைக்கும். விரைவில் மீண்டும் நூறாகும். ஆனால் காப்புடையவை 70 அல்ல, 49. அவ்வாண்டின் இயற்கையான இறப்பும் சேர்ந்தால் 29. சுவரை நாமே இடித்துவிட்டோம்! மேலும், பிடிப்பவர் கையில் எளிதில் அகப்படுவது மனிதரோடு பழகிய சாதுவான நாயே. ஊசி பெற்றதும் பெரும்பாலும் அதுவே. அஞ்சி ஓடுவதும் சீறுவதும் தப்பிவிடும்.

கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே தெருவில் விட்டால் நிகழ்வது வேறு. அந்த நாய் தன் எல்லையில் தானே இருக்கும். அயல் நாய்க்கு எளிதில் இடம் தராது. குட்டி ஈனும் மெலிவு இல்லாமையால் உடல் தேறும். பிறப்புக் குறைவதால் புதிதாக வந்து சேரும் காப்பற்ற குட்டிகளும் குறையும். ஆண்டுக்கு 40 என்றிருந்த மாற்றம் 20 ஆகக் குறைந்தது என்று கொண்டால், 70 என்பது ஓராண்டில் 56, இரண்டாம் ஆண்டில் 45, மூன்றாம் ஆண்டில் 36 என்று மெல்லவே தேயும். ஊசியின் ஆற்றல் தளராது என்று கொண்ட கணக்கு இது. மறு ஊசியும் இட்டு வந்தால் அரண் இன்னும் உறுதிப்படும். கருத்தடை நாய்களின் தொகையைக் குறைப்பதற்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனை நோக்க வேண்டும். தடுப்பூசியின் பயன் நீடிக்கச் செய்வதும் அதுவே.

பெண் நாய்க்கு முதலிடம்

நிலையத்தின் வண்டி விடியற்காலையில் புறப்படுகிறது. தெருக்கள் அரவமற்றுக் கிடக்கும் வேளை அது. நாய்கள் உண்டு உறங்கும் இடங்களைப் பிடிப்பவர்கள் நன்கு அறிவர். பிடித்த இடத்தைக் குறித்து வைப்பதே அவர்கள் பணியில் தலையாயது. இடம் மாறி விட்டுவிட்டால், அயல் எல்லையில் புகுந்த நாய் கடிபட்டு இறக்கும். அல்லது அஞ்சிச் சீறிப் பிறரைக் கடிக்கும். நாயை நிலையத்துக்குக் கொண்டுவந்து, உடல் நிலையை ஆராய்ந்து, உணவின்றி வைத்து, பின்னர் மயக்கம் கொடுத்து அறுவை செய்கின்றனர். அப்பொழுதே காதில் அடையாளமும் இடப்படுகிறது. புண் ஆறும்வரை சில நாட்கள் வைத்திருந்து, குறித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுகின்றனர்.

ஜெய்ப்பூரில் கருத்தடையில் பெண் நாய்களுக்கே முதலிடம் தந்தனர். காரணம் எளிது. ஓர் ஆண் நாயே பல பெண் நாய்களைச் சேரும். நூறு ஆண் நாய்களில் தொண்ணூறுக்குக் கருத்தடை செய்தாலும், எஞ்சிய பத்தும் பிறப்பு விகிதத்தைக் குறைய விடா. பெண் நாய் ஒன்றைக் கருத்தடை செய்தாலோ, அவ்வொன்றின் ஈற்று முழுவதும் நின்றுவிடும். நிதியும் நேரமும் குறைவாக உள்ள இடத்தில் எதனை முதலில் செய்வது என்ற தேர்வே அறிவியலின் வேலை.

இந்நிலையத்தின் மருத்துவர்கள் அறுவை செய்ததோடு அமையவில்லை. அறுவையின்பொழுது எந்தத் திங்களில் எத்தனை நாய்கள் சூலுற்றிருந்தன என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தனர். அதிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. தெரு நாய்கள் ஆண்டு முழுவதும் ஒரு சீராக ஈனுவதில்லை. மழைக்காலத்தின் இறுதியை ஒட்டிச் சேர்க்கை மிகுகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஈற்று மிகுகிறது. ஏறத்தாழப் பாதிப் பெண் நாய்களே ஓராண்டில் ஈனுகின்றன. ஈற்றுக்குச் சராசரி ஐந்தாறு குட்டிகள். அக்குட்டிகளுள் பெரும்பாலானவை ஓராண்டு நிறையுமுன் இறந்துபடுகின்றன. தெருவோரத்தில் நடுங்கும் குட்டிகளைக் கண்டு நாம் உருகுகிறோம். அவற்றுள் ஒன்றுக்குப் பால் வைப்பது இரக்கந்தான். அதன் தாய்க்குக் காலத்தில் கருத்தடை செய்வித்தல் அதனினும் பெரிய இரக்கம்.

நாய்க்கடிகளும் அப்பருவத்தைத் தொடர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று அவர்கள் கண்டனர். குட்டிகளைக் காக்கும் தாயின் சீற்றமே அதற்குக் காரணம் என்பது அவர்தம் முடிவு. இதற்குச் சான்று ஒன்றை நானே கண்டேன். நம் விடுதி உணவுக்கூடத்தில் பணிபுரியும் அண்ணன் ஒருவருடைய ஏழு வயது மகன், சென்ற மார்கழியில், விடுதிக்குப் பின்னுள்ள குடியிருப்பில் குட்டி ஒன்றைத் தூக்கப் போனான். தாய் நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. வீட்டார் மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் குழைத்து அப்பினர். மந்திரிப்பவர் ஒருவரிடம் கொண்டுபோக ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். "தம்பி, வயிற்றிலே பதினாலு ஊசி போடுவாங்களாமே, பிள்ளை தாங்குவானா?" என்று கண் கலங்கிக் கேட்டார் அவர். அந்த ஊசி இப்பொழுது இல்லை, கையில் சில ஊசிகளே என்று எடுத்துச் சொன்னோம். நண்பர் மூவர் சேர்ந்து குழாயடியில் சோப்பிட்டுப் புண்ணைக் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். புண்ணைச் சுற்றிக் காப்புப் புரத மருந்தும், முறைப்படி தடுப்பூசிகளும் போடப்பட்டன. பையன் நலமாக இருக்கிறான். அத்தாய் நாயும் பத்து நாட்களுக்குப் பின்னும் நலமாக இருந்தது. பின்னர் நிலையத்தார் வந்து அதனைக் கொண்டுசென்று, கருத்தடை செய்து, ஊசியும் போட்டனர். அடுத்த மார்கழியில் அக்குடியிருப்பில் குட்டிகளைக் காக்கச் சீறும் தாயாக அஃது இராது.

ஜெய்ப்பூர் காட்டிய முடிவு

கணக்குத் தாளில் சரியாக இருப்பது தெருவிலும் சரியாக இருக்குமா? இருந்தது என்று ஜெய்ப்பூர் காட்டியது. 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை 24,986 நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் அளித்தனர். பெண் நாய்களுள் நூற்றுக்கு 65 வரை இவ்வாறு காப்புப் பெற்றன. அக்காலத்தில் தெருக்களில் திரியும் நாய்களை இடைவிடாது எண்ணியும் வந்தனர். தொகை நூற்றுக்கு 28 குறைந்திருந்தது. நகரின் பெரிய அரசு மருத்துவமனையிலிருந்து வெறிநோயால் இறந்தோரின் விவரத்தையும் திரட்டினர். திட்டம் நடந்த பகுதியில் மனிதர்க்கு வெறிநோய் வருதல் அறவே நின்றது. திட்டம் நடவாத பிற பகுதிகளிலோ அது மிகுந்தது. இம்முடிவுகளை இந்நிலையத்து மருத்துவர்கள் 2006-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். பின்னர் வந்த ஆய்வொன்றில், கடிகளின் தொகையும் குறைந்தமையை அவர்கள் காட்டினர்.

அறிவியல் மாணவர்கள் இதனையும் ஐயத்தோடு நோக்க வேண்டும். ஒரே நகரின் இரு பகுதிகளை ஒப்பிடுவது ஆய்வுக்கூடத்தில் இரு சோதனைக் குழாய்களை ஒப்பிடுவது போன்றது அன்று. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். எட்டாண்டு உழைப்புக்குப் பின்னரும் நாய்கள் கால் பங்குக்குச் சற்று மேலாகவே குறைந்தன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் தெருக்கள் வெறிச்சோடும் என்று எதிர்பார்ப்பவர்க்கு இம்முறை ஏமாற்றமே தரும். ஆனால், நாய் குறைவதற்கு நெடுநாள் முன்பே நோய் குறைகிறது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். அச்சத்துக்கு உரியது நாயின் எண்ணிக்கையா, நோயின் எண்ணிக்கையா என்று ஒவ்வொரு நகரமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனைய பணிகள்

நாய்களோடு இந்நிலையத்தின் பணி முடிவதில்லை. வண்டி இழுக்கும் ஒட்டகங்களுக்கு மூக்கில் செருகிய முளையால் உண்டாகும் புண்களுக்கு மருத்துவம் செய்கின்றனர். ஆம்பேர்க் கோட்டையில் பயணிகளைச் சுமக்கும் யானைகளையும், கழுதை குதிரைகளையும் பேணுகின்றனர்.

நாம் பொங்கல் கொண்டாடும் அதே நாளில் ஜெய்ப்பூர் மக்கள் மகர சங்கராந்தி கொண்டாடுகின்றனர். வானம் முழுவதும் பட்டம். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாக் கயிறு புறாக்களின் சிறகையும் பருந்துகளின் சிறகையும் அறுத்து வீழ்த்துகிறது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் தடை செய்தது. தடைக்குப் பின்னும் பறவைகள் வீழ்கின்றன. அந்நாட்களில் நிலையத்தார் பறவைகளுக்கென்றே மருத்துவ முகாம் அமைக்கின்றனர்.

சட்டமும் இன்றைய ஐயங்களும்

விலங்கு வதைத் தடைச் சட்டம் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாநிலங்களவையில் அதற்காகக் குரல் எழுப்பியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அச்சட்டத்தின்கீழ் 2001-இல் நாய்க் கருத்தடை விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் 2023-இல் புதிய விதிகள் வந்தன. பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடுக என்பதே அவ்விதிகளின் சாரம்.

2025-ஆம் ஆண்டில் இவ்வினா உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. ஆகஸ்டு 11 அன்று, தில்லி நகரத் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணை பிறந்தது. ஆகஸ்டு 22 அன்று மூவர் அமர்வு அதனை மாற்றி, வெறிநோய் கொண்டவையும் கடித்துத் துன்புறுத்துபவையும் நீங்க, ஏனையவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடலாம் என்றது. நவம்பர் 7 அன்று, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், புகைவண்டி நிலையங்கள் முதலிய இடங்களில் உள்ள நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும், மீண்டும் அங்கேயே விடலாகாது என்று ஆணையிட்டது. குழந்தைகளும் நோயாளிகளும் கடிபடுவதைக் கண்ட நீதிமன்றத்தின் கவலையை எவரும் குறை கூற இயலாது.

ஆயினும், ஆணை பிறந்தபின்னும் கணக்கு மாறுவதில்லை. வளாகத்துள் உணவுக்கூடத்துக் கழிவு திறந்து கிடந்தால், அகற்றிய நாயின் இடத்துக்கு மதிலுக்கு வெளியேயிருந்து வேறு நாய் வரும். வரும் நாய் ஊசி பெற்றதா, பெறாததா என்பதே நம் உயிர்க்குரிய வினா. ஆகவே, வளாகத்துள் நாய் இருக்கலாமா என்ற வழக்கில் நீங்கள் எப்பக்கத்தில் நின்றாலும், வெளித்தெருக்களில் எழுபது பங்கு நாய்களுக்கு ஊசி போடும் பணியைக் கைவிட முடியாது. நாய்களை வெறுப்பவர்க்கும் விரும்புபவர்க்கும் பொதுவான நலம் இஃது ஒன்றே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கடிபட்டால் செய்ய வேண்டுவதை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுக. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதனையும் தடவற்க. உடனே மருத்துவமனைக்குச் செல்க. குருதி கசிந்த கடிக்கு ஊசியோடு காப்புப் புரத மருந்தும் வேண்டும் என்பதை மறவாது கேட்டுப் பெறுக. தோலினுள் போடும் முறையாயின் முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்னும் நான்கு தவணைகளையும் தவறாது முடிக்க. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்தைத்தான் வயிற்றில் பல நாட்கள் போட்டனர். அது நம் நாட்டில் வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. கடித்த நாய் பத்து நாட்கள் உயிரோடு நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் நச்சுயிர் இல்லை என்று அறியலாம். ஆனால் அதனைப் பார்த்துக்கொண்டு முதல் ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது.

இரண்டாவது, விடுதியின் எச்சிற் கழிவை மூடி வைக்கும்படி உணவுக்கூடக் குழுவில் நாம் வற்புறுத்தல் வேண்டும். மூடாத தொட்டி, எந்தக் கருத்தடைத் திட்டத்தையும் தோற்கடிக்கும்.

மூன்றாவது, நம் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் இருவர் இருவராகச் சென்று, வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நாய்களை எண்ணலாம். காதில் வெட்டு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை, பால் கொடுக்கும் தாய்கள் எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினால் போதும். அதற்குப் பணம் வேண்டா. பெரும் புலமையும் வேண்டா. வெட்டில்லாத நாய்கள் எந்தத் தெருவில் மிகுதி என்று நிலையத்தாருக்கு நாம் சொல்ல முடிந்தால், வண்டி எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகும். கணிதம் பயில்வோர் கணக்கிடலாம். உயிரியல் பயில்வோர் பருவத்தைக் குறிக்கலாம். இலக்கியம் பயில்வோர் குடியிருப்பு மக்களுக்கு இந்தியில் எடுத்துரைக்கலாம்.

வேற்று மாநிலத்தில் வந்து பயிலும் நம்மை இந்நகரம் இடம் கொடுத்து வளர்க்கிறது. நம் விடுதியில் சமைக்கின்றவர்களின் பிள்ளைகள் இதே தெருக்களில்தான் ஓடி விளையாடுகின்றனர். அவர்கள் கால்களைக் காப்பதற்கு நாம் கற்ற கல்வி சிறிதேனும் பயன்படுமாயின், நம் சங்கத்துக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் பல்கலைக்கழக வாயிலில் குறிப்பேட்டோடு நான் இருப்பேன். விருப்பமுள்ள அன்பர்கள் வந்து சேருக.